கடவுளுக்கு 144 தடை உத்தரவு

சயாம் ராஜாவுக்கு டச்சுத் தூதர் ஒருவர் தன் நாட்டுப் பெருமைகளை அளந்துகொண்டிருந்தார். ராஜாவும் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உற்சாகம் தாங்காமல் தூதர், குளிர்காலத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் கெட்டியாகிவிடும், ஜனங்கள் அதன்மேல் நடப்பார்கள், உங்கள் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் தாங்கும் என்று எடுத்துவிட்டார். அவ்வளவுதான். இதுவரை உம்மைக் கண்ணியமான ஆள் என்று நம்பினேன், நீர் சரியான புளுகர் என்று இப்போதுதான் தெரிகிறது என்று ராஜா பேச்சை முடித்துவிட்டார்.

1690ல் இந்தக் கதையைத் தன் புத்தகத்தில் எழுதியவர் ஜான் லாக் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதி. ராஜாவை முட்டாள் என்று நினைக்கிறீர்களா? மே மாதம் வேலூரில் உட்கார்ந்துகொண்டு யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து தண்ணீர் என்றால் சளசளவென்று ஓடுவது. அதன்மேல் யானை நடக்குமாம்! உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா இதை ஃபார்வேர்ட் செய்திருந்தால் நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். ராஜா ரொம்பச் சரியாக யோசித்தார். ரொம்பச் சரியாக யோசித்துத்தான் தப்பான முடிவுக்கு வந்தார்.

‘இது இயற்கை, அது இயற்கைக்கு அப்பாற்பட்டது’ என்று கோடு கிழிக்கிற வேலையே அப்படித்தான். பார்க்கச் சுலபம். மழை பெய்தால் இயற்கை, மீன் மழை பெய்தால் அமானுஷ்யம். இதிலென்ன பெரிய தத்துவம் என்று கேட்பீர்கள். ஆனால் கடந்த எழுநூற்றைம்பது வருஷமாக ஐரோப்பாவின் மகா மகா மூளைகள் சங்கிலி பிடித்து அளந்து இங்கே எல்லைக்கல் நட்டிருக்கின்றன. நட்ட கல்லைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொருத்தரும் தன் வீட்டுத் திண்ணை பத்திரமாக உள்ளே விழுகிற மாதிரிதான் நட்டிருக்கிறார்!

முதலில் தாமஸ் அக்வினாஸ். 13ம் நூற்றாண்டு இத்தாலிக்காரர். கத்தோலிக்கத் திருச்சபையின் சூப்பர் ஸ்டார் பண்டிதர். அற்புதம் என்றால் கடவுள் மட்டுமே செய்வது, படைக்கப்பட்ட எந்தப் பொருளின் சக்திக்கும் அடங்காதது என்று இலக்கணம் சொன்னார். அத்தோடு விட்டாரா? அற்புதங்களுக்கு கிரேடு வேறு போட்டார். இயற்கையால் எந்தக் காலத்திலும் முடியாதது முதல் கிரேடு, சூரியன் பின்னோக்கிப் போவது போல. இயற்கை செய்யக்கூடியதுதான், ஆனால் இந்த வரிசையில் செய்யாது என்பது இரண்டாவது. உயிரோடு இருப்பது இயற்கை, செத்தபிறகு உயிரோடு இருப்பது அற்புதம். இயற்கை தினமும் செய்கிற வேலையையே அதன் உதவியில்லாமல் கடவுள் செய்தால் மூன்றாவது கிரேடு. மாத்திரை இல்லாமல் காய்ச்சல் இறங்குகிற மாதிரி. ஐ.டி. கம்பெனி எச்.ஆர். தோற்றார்!

இவ்வளவு கறாரான மனிதருக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று தெரியுமா? 1274ல் இறந்துபோனவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று 1319ல் நேப்பிள்ஸில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பட்டத்துக்கு அற்புதம் வேண்டுமே? ஒரு துறவி சாட்சி சொல்ல வந்தார். அக்வினாஸ் உடம்பு முடியாமல் மயென்சா என்ற ஊரில் உறவினர் கோட்டையில் படுத்திருந்தார். எதையும் சாப்பிடப் பிடிக்கவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, ஃபிரெஷ் ஹெர்ரிங் மீன் கிடைத்தால் சாப்பிடலாம் என்றார். பாரிஸில் பாடம் நடத்திய காலத்தில் ஒட்டிக்கொண்ட ருசி. ஹெர்ரிங் வடக்குக் கடல் மீன், அந்தப் பக்கத்தில் கிடைக்காது. அப்போது பார்த்து ஒரு மீன்காரர் வந்தார். கூடையெல்லாம் மத்தி. ஒரு கூடையைத் திறந்தால், ஆஹா, ஹெர்ரிங்!

கமிஷன்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அது ஹெர்ரிங்தான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று குறுக்கு விசாரணை செய்தார்கள். போப்பின் அரண்மனையில் உப்பு போட்ட ஹெர்ரிங் பார்த்திருக்கிறேன் என்றார் துறவி. அதாவது, கருவாட்டைப் பார்த்தவர் பச்சை மீனை அடையாளம் காட்டுகிறார். காசிமேட்டில் இந்தச் சாட்சி ஒரு நிமிஷம் நின்றிருக்காது. மத்தியும் ஹெர்ரிங்கும் ஒரே குடும்பம், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

1323ல் அக்வினாஸ் புனிதரானார். மீன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, நோய் தீர்ந்த கதைகள் நிறைய இருந்தன. ஆனாலும் அந்த மீன் எந்த கிரேடு என்று அவரையே கேட்க எனக்கு ஆசை. முதல் கிரேடு நிச்சயமாக இல்லை. கூடையைச் சரியாகப் பார்க்காத கிரேடு என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருப்பாரோ என்னவோ!

இந்த இலக்கணத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அற்புதம் கடவுளின் ஏகபோகம் என்றால் சாத்தான் செய்வதெல்லாம் என்ன? பேய் பிடிக்கிறதே, சூனியக்காரி புயலைக் கிளப்புகிறாளே? அக்வினாஸும் அவர் வழி வந்தவர்களும் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்கள்: சாத்தானால் அற்புதம் செய்ய முடியாது. அவன் செய்வதெல்லாம் இயற்கையின் சக்திகளை வைத்துத்தான். உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கிறான், எந்த மூலிகைக்கு என்ன குணம், எந்தக் காற்று எங்கே வீசும் என்று அத்தனையும் அத்துப்படி. நமக்குத் தெரியாததால் பிரமிக்கிறோம், அவ்வளவுதான்.

கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். இந்தக் கணக்குப்படி பிசாசு அமானுஷ்யம் இல்லை. ஐரோப்பாவிலேயே சீனியர் மோஸ்ட் சயன்டிஸ்ட்! ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597ல் பேய்களைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். அதிலும் சாத்தானின் இயற்கை அறிவுக்குத் தாராளமாக மார்க் போட்டிருக்கிறார். ராஜாக்களுக்கு வேறு வேலை இல்லாத பொற்காலம் அது.

சரி, நிஜ சயன்டிஸ்டுகள் வந்ததும் எல்லாம் தெளிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தார் ஐசக் நியூட்டன். 1687ல் ‘பிரின்ஸிபியா’. ஆப்பிளும் நிலாவும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகின்றன என்று கணக்குப் போட்டு நிரூபித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வாண்டு எழுந்து கேட்க வேண்டிய கேள்வி மட்டும் பாக்கி இருந்தது: நடுவில் கயிறு இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமே இல்லாத வெட்டவெளி. சூரியன் எப்படி சார் பூமியைப் பிடித்து இழுக்கிறது?

கேள்வியைக் கேட்டபோது அந்த வாண்டுக்கு ஏறக்குறைய எழுபது வயது. பெயர் லைப்னிட்ஸ். ஜெர்மன் மேதை. தலையில் ஒரு பெரிய விக், மனசு நிறைய நியூட்டன்மேல் கடுப்பு. கால்குலஸைக் கண்டுபிடித்தது நீயா நானா என்று இருவருக்கும் ஏற்கெனவே குழாயடிச் சண்டை. அதை விசாரிக்க லண்டன் ராயல் சொஸைட்டி 1712ல் ஒரு நடுநிலைக் கமிட்டி போட்டது. சொஸைட்டியின் தலைவர் யார்? நியூட்டன். கமிட்டியின் அறிக்கையை எழுதியது யார்? அதுவும் நியூட்டன். பிறகு அந்த அறிக்கைக்குப் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு மதிப்புரை வந்தது, பிரமாதமான அறிக்கை என்று. அதை எழுதியது யார் என்று நான் சொல்லத்தான் வேண்டுமா!

இந்த லட்சணத்தில், 1715ல் லைப்னிட்ஸ் வேறு வழியாக அடித்தார். இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசி கரோலின் அவருடைய பழைய சிஷ்யை. அவருக்கு ஒரு கடிதம் போட்டார், உங்கள் ஊரில் சமயம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று. நியூட்டனின் கடவுள் தன் கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டியிருக்கிறதாம், இதென்ன திறமையில்லாத கடவுள் என்று கிண்டல் வேறு. அப்புறம் முக்கியமான குத்து: நடுவில் எதுவும் இல்லாமல் ஒரு பொருள் இன்னொன்றை இழுப்பது இயற்கையாக நடக்கவே முடியாது. அப்படியென்றால் நியூட்டனின் ஈர்ப்பு விசை ஓர் அற்புதம். அதுவும் ஒரு நாள் கூத்து இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிற நிரந்தர அற்புதம்!

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் மனப்பாடம் செய்கிற புவியீர்ப்பு விசை, அந்தக் காலத்தின் மிகப்பெரிய அறிவாளி ஒருவரின் தீர்ப்புப்படி மாயமந்திரம். இதில் இன்னும் அநியாயம், நியூட்டனே 1693ல் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் வெட்டவெளி வழியாக ஒன்று இன்னொன்றை இழுக்கும் என்று புத்தியுள்ளவன் எவனும் நம்பமாட்டான் என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார். ஈர்ப்பின் காரணம் தெரியாது, ஊகம் செய்ய மாட்டேன் என்று பின்னாளில் கையை விரித்தும்விட்டார். சாமர்த்தியசாலி! லைப்னிட்ஸுக்கு நேரடியாகப் பதில் சொல்லவும் இல்லை. சாமுவேல் கிளார்க் என்ற பாதிரியாரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் திரை மறைவில் உட்கார்ந்துகொண்டார்.

கிளார்க் சொன்ன பதில்தான் இந்தச் சண்டையிலேயே எனக்குப் பிடித்தது. கடவுள் கோணத்திலிருந்து பார்த்தால் இயற்கை, அமானுஷ்யம் என்ற வித்தியாசமே கிடையாது ஐயா என்றார். சூரியனை ஓட வைப்பதும் நிறுத்தி வைப்பதும் அவருக்கு ஒரே வேலைதான். தினம் நடந்தால் நாம் இயற்கை என்கிறோம், எப்போதோ நடந்தால் அற்புதம் என்கிறோம். ஈர்ப்பு தினமும் நடக்கிறது, ஆகவே அது இயற்கை. கேஸ் குளோஸ்!

லைப்னிட்ஸ் விடுவாரா? அபூர்வமாக நடப்பதெல்லாம் அற்புதம் என்றால் இரண்டு தலையோடு பிறக்கிற கன்றுக்குட்டியும் அற்புதமா என்கிற ரீதியில் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் இவருடைய சொந்தக் கடையில் என்ன விற்றார் என்றும் பார்க்க வேண்டும். மனமும் உடம்பும் ஒன்றையொன்று தொடவே தொடாது, ஆதியிலேயே கடவுள் இரண்டையும் ஒத்திசைவாக ஓடும்படி டைம் செட் செய்து வைத்துவிட்டார் என்பது இவருடைய சித்தாந்தம். நீங்கள் கையைத் தூக்க நினைப்பதும் கை எழுவதும் இரண்டு தனித்தனி கடிகாரங்களாம். எங்கள் ஈர்ப்பு அற்புதம் என்றால் உங்களுடையது என்னவாம் என்று கிளார்க் திருப்பிக் கேட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது ஜெர்மன் பாஷையில் என்னவென்று தெரியவில்லை.

ஐந்தைந்து கடிதங்கள் ஆயின. கிளார்க்கின் ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்குள் 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் காலமானார். அவருடைய எஜமானர், ஹனோவர் கோமகன், 1714ல் இங்கிலாந்துக்கே ராஜாவாகிக் கிளம்பியபோது இவரை மட்டும் கூட்டிப்போகவில்லை. என் குடும்ப வரலாற்றை எழுதுகிறேன் என்று சொன்னாயே, அதை முடி முதலில் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். பல வருஷம் எழுதியும் வரலாறு 1005ம் ஆண்டைத்தான் எட்டியிருந்தது. பிரபஞ்சத்தின் கணக்கையே தீர்த்தவரை ஒரு பெண்டிங் ஃபைல் தீர்த்துக்கட்டியது.

அடுத்து பாரிஸுக்குப் போகலாம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

1727ல் ஃபிரான்ஸுவா த பாரி என்று ஓர் எளிய திருத்தொண்டர் இறந்துபோனார். ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவர், தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொண்டவர். சான் மெடார் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளில் நோயாளிகள் அவர் சமாதிமேல் படுத்தால் குணமாகிறது என்று பேச்சு கிளம்பியது. கூட்டமான கூட்டம். 1731ல் அங்கே வந்தவர்கள் துள்ளினார்கள், துடித்தார்கள், உடம்பை வில்லாக வளைத்து அலறினார்கள். நம் ஊரில் சாமியாடுபவரைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சமாதி மண்ணைக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். பார்வை வந்தது, காது கேட்டது, முடம் நடந்தது என்று டாக்டர்கள், நோட்டரிகள் முன்னால் வாக்குமூலங்கள் குவிந்தன.

கத்தோலிக்கத் தலைமை குஷியாகியிருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. செத்தவர் ஜான்ஸனிஸ்ட். போப்பாண்டவர் கண்டித்த உட்கட்சிக் கோஷ்டி! அந்தக் கோஷ்டிக்கு ஜன்ம வைரிகள் இயேசு சபைக்காரர்கள். ஊர் உலகமெல்லாம் அற்புதங்களை நம்பு நம்பு என்று பிரசங்கம் செய்தவர்கள், திடீரென்று ஆதாரம் எங்கே, சாட்சி யார், நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாமே என்று பகுத்தறிவுப் பாசறை நடத்த ஆரம்பித்தார்கள். நம் கட்சிக் கல்லறையில் நடந்தால் அற்புதம், எதிர்க்கட்சிக் கல்லறையில் நடந்தால் மூளைக்கோளாறு.

சட்டம் ஒழுங்கு கெடுகிறது என்று 1732 ஜனவரியில் பதினைந்தாம் லூயி கல்லறைத் தோட்டத்தையே இழுத்துப் பூட்டிவிட்டார். மறுநாளோ என்னவோ, கதவில் யாரோ ஒரு குறும்புக்காரர் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். இந்த இடத்தில் அற்புதம் செய்யக்கூடாது என்று கடவுளுக்கு மன்னர் தடை விதித்திருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. உலக வரலாற்றில் ஆண்டவனுக்கே போடப்பட்ட 144! அவரும் கீழ்ப்படிந்துவிட்டார் போலிருக்கிறது. சான் மெடாரில் அதன்பிறகு சத்தமில்லை, பக்தர்கள் அவரவர் வீட்டுக்குள் போய்த் துடித்துக்கொண்டார்கள்.

மோன்ஷெரோன் என்று ஒரு நீதிமன்ற உறுப்பினர். சமாதிக்குப் போய் மனம் மாறியவர். இந்த அற்புதங்களையெல்லாம் ஆதாரத்தோடு தொகுத்துப் பெரிய புத்தகமாகப் போட்டு, 1737ல் வெர்சாய் அரண்மனைக்குப் போய் மன்னர் கையிலேயே கொடுத்தார். மன்னர் அவருக்குக் கொடுத்த பரிசு பாஸ்டீல் சிறை.

ஏறக்குறைய இந்தச் சமயத்தில் ஃபிரான்ஸில் லா ஃப்ளெஷ் என்ற சின்ன ஊரில் இருபத்தைந்து வயசு ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் சீப்பாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். டேவிட் ஹியூம். அந்த ஊரில் பெரிய இயேசு சபைக் கல்லூரி. ஒருநாள் அங்கே உலாத்தும்போது பாதிரியார் ஒருவர் தங்கள் மடத்தில் நடந்த அற்புதம் ஒன்றை விவரித்தார். ஹியூம் சட்டென்று ஒரு எதிர்வாதம் வைத்தார். அப்பா, இதை ஒப்புக்கொண்டால் பைபிள் அற்புதங்களும் அல்லவா போய்விடும், ஆகவே உன் வாதம் தப்பு என்றார் பாதிரியார். பதிலுக்கு அது போதும் என்று தான் வாயை மூடிக்கொண்டதாக ஹியூம் பிற்காலத்தில் நமுட்டுச் சிரிப்போடு எழுதினார்.

ஆனால் ஊர் திரும்பியதும் தைரியம் போய்விட்டது. தன் முதல் புத்தகத்தை ஒரு பெரிய இறையியலாளரிடம் காட்ட வேண்டும், நல்ல பெயர் வாங்க வேண்டும். அற்புதம் பற்றிய பகுதியைக் கத்தரித்துவிட்டார். என் புத்தகத்துக்குக் காயடிக்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதிய நேர்மையைப் பாராட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்து, 1748ல்தான் அது இன்னொரு புத்தகத்தில் வெளியே வந்தது.

அற்புதம் என்றால் கடவுள் சித்தத்தால் இயற்கை விதி மீறப்படுவது என்றார் ஹியூம். அப்புறம் தராசு பிடித்தார். ஒருவர் வந்து செத்தவன் பிழைத்தான் என்கிறாரா? அவர் பொய் சொல்வது, அல்லது ஏமாந்துபோனது, செத்தவன் பிழைப்பதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால் மட்டும் நம்பு. உதாரணத்துக்கு பாரிஸ் கல்லறையையே எடுத்துக்கொண்டார். நாணயமான நீதிபதிகள், படித்த நகரம், வேண்டாத எதிரிகளே விசாரித்தும் உடைக்க முடியாத சாட்சிகள். இதைவிட நல்ல ஆதாரம் எந்த அற்புதத்துக்கு இருக்கிறது? ஆனாலும் நம்பமாட்டேன், ஏனென்றால் நடக்கவே முடியாது! இயேசு சபைக்காரர்கள் இதைப் படித்தபோது கைதட்டுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று திகைத்திருப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம். இதே ஹியூம்தான், இதே புத்தகத்தில், சூரியன் நாளைக்கு உதிக்கும் என்பதற்குத் தர்க்கரீதியான நிரூபணம் எதுவும் கிடையாது, எல்லாம் நம் பழக்கதோஷம் என்று எழுதியவர். இயற்கை விதி என்பதே பழக்கம்தான் என்றால் அதை மீறுவது என்ன பெரிய குற்றம்? சயாம் ராஜாவைப் போல் பனியை நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசனை ஹியூமும் குறிப்பிடுகிறார். அவன் யோசித்தது சரிதான் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, பனி அற்புதம் இல்லை, வெறும் அசாதாரணம் என்று அடிக்குறிப்பில் நெளிந்தார். கோடு எங்கே என்று கேட்டால் காட்டமாட்டார்.

எடின்பரோவில் ஹியூமைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நல்ல பருமனான ஆள். கோட்டைக்குக் கீழே சதுப்பில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். அந்த வழியாக வந்த மீன்காரம்மா ஆளை அடையாளம் கண்டுகொண்டு, நீ அந்த நாத்திகன் ஹியூம்தானே, ஜெபம் சொன்னால்தான் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஹியூம் கடகடவென்று ஒப்பித்துவிட்டு மேலே வந்தாராம். நான் சந்தித்த இறையியலாளர்களிலேயே கூர்மையானவர் அந்த அம்மாள்தான் என்று பிறகு சொல்வாராம். இந்தக் கட்டுரையில் இரண்டாவது முறையாக மீன் ஜெயிக்கிறது.

ஹியூமின் தராசை வைத்துக்கொண்டு ஃபிரெஞ்சு விஞ்ஞானிகள் அடித்த கூத்தைச் சொல்லாவிட்டால் பாவம். வானத்திலிருந்து கல் விழுந்தது என்று குடியானவர்கள் அடிக்கடி சொல்வார்கள். படிப்பாளிகளுக்குச் சிரிப்பு. வானத்தில் ஏது கல்? 1768ல் விழுந்த ஒன்றை வேதியியல் மேதை லவாய்சியே உள்ளிட்ட குழு ஆராய்ந்து, பூமியில் கிடந்த கல்தான், மின்னல் தாக்கியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 1790ல் பார்போட்டான் என்ற ஊரில் கல் மழை. முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். ஒரு ஊர் நிர்வாகமே பாட்டி கதைக்குக் கையெழுத்துப் போடுகிறதே என்று ஓர் அறிஞர் அச்சிலேயே பரிதாபப்பட்டார். 1803ல் நார்மண்டியில் லேக்ல் என்ற ஊரில் சுமார் 3000 கற்கள் பட்டப்பகலில் கொட்டிய பிறகு, ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற 29 வயசு விஞ்ஞானி நேரில் போய் விசாரித்து, குடியானவர்கள் சொன்னது நிஜம்தான் என்று எழுதினார். கல்லுக்கு ஒரே நாளில் அமானுஷ்யத்திலிருந்து இயற்கைக்குப் பெயர் மாற்றம் ஆனது.

இந்த மாதிரி பெயர் மாற்றம் ஆவிகளுக்கும் ஆகட்டும் என்று வரிந்து கட்டியவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். சாமானியர் இல்லை, டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர். மேஜை ஆடுவது, இருட்டில் தட்டும் சத்தம், இதிலெல்லாம் மயங்கிப்போய் 1866ல் ஒரு சிறு நூலே போட்டார். அவர் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது என்பதுதான் சங்கடம். கீழே கிடக்கிற ஆப்பிளை நான் எடுத்தால் ஈர்ப்பு விதி மீறப்படுகிறதா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எடுத்தால் மட்டும் எப்படி மீறப்படும்? ஆவிகள் இருந்தால் அவையும் இயற்கையின் பிரஜைகள்தான், அமானுஷ்யம் என்று ஒன்று கிடையவே கிடையாது! ஹியூமின் இலக்கணம் படுத்தேவிட்டது.

டார்வினையும் ஆவி கூட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். 1874ல் லண்டனில் அவர் அண்ணன் வீட்டில். கதவையெல்லாம் சாத்தி இருட்டாக்கி, வட்டமாக உட்கார வைத்தார்கள். டார்வினுக்கு ஒரே புழுக்கம், களைப்பு. மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். அவர் போன பிறகு நாற்காலி எழும்பியதாம், மணி அடித்ததாம், குழல் பறந்ததாம். பரிணாமத்தின் தந்தை அமானுஷ்யத்தைத் தவறவிட்டது சித்தாந்தத்தால் இல்லை, காற்றோட்டம் போதாததால். அடுத்த கூட்டத்துக்கு நண்பர் ஹக்ஸ்லி போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சுத்தப் பித்தலாட்டம் என்று ரிப்போர்ட் கொடுத்தார்.

தத்துவவாதிகளும் விஞ்ஞானிகளும் முடிக்காததைக் கடைசியில் கோர்ட்டுக்கே கொண்டுபோனார்கள். 2005ல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் டோவர் பள்ளி வழக்கு. உயிர்களை ஓர் அறிவுள்ள வடிவமைப்பாளர் உண்டாக்கினார் என்பதைப் பள்ளியில் விஞ்ஞானம் என்று சொல்லலாமா? அந்தத் தரப்பின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி, உயிர்வேதியியல் பேராசிரியர். தன் கருத்து உள்ளே வரவேண்டும் என்பதற்காக, விஞ்ஞானக் கோட்பாடு என்பதற்குக் கொஞ்சம் தாராளமான இலக்கணம் வைத்திருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் கேட்டார்: உங்கள் இலக்கணப்படி ஜோதிடமும் விஞ்ஞானக் கோட்பாடுதானா? ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திண்ணையை உள்ளே இழுக்கப் போய்த் தெருவே உள்ளே வந்துவிட்டது! நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், விஞ்ஞானம் இயற்கையான காரணங்களை மட்டுமே தேடும் என்று எல்லைக்கல்லை ஊன்றினார்.

ரொம்ப சரி, யுவர் ஆனர். அந்த ‘இயற்கை’ எது? கார்ல் ஹெம்பல் என்ற தத்துவவாதியின் பெயரில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பௌதிகம் சொல்வதுதான் இயற்கை என்றால், எந்தப் பௌதிகம்? இன்றைய பௌதிகம் முழுமையில்லை என்று அதைப் படித்தவர்களே சொல்கிறார்கள். என்றோ ஒருநாள் முழுமையாகப்போகும் பௌதிகமா? அதில் என்னென்ன இருக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆவியேகூட இருக்கலாம். இருக்காது என்று நான் பந்தயம் கட்டுவேன், ஆனால் இலக்கணத்தை வைத்து ஜெயிக்க முடியாது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இயற்கைக்கு இதுவரை யாரும் உருப்படியான வேலி போட்டதில்லை. அந்தந்தக் காலத்தில் அவரவருக்குப் பழகிப்போனதற்கு வைத்த பெயர் அது. லைப்னிட்ஸுக்குப் பழகாத ஈர்ப்பு நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலியைத் தாண்டி உள்ளே வந்த லேட்டஸ்ட் பிரஜை யார் தெரியுமா? தூர தூரத்தில் இருக்கிற இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால் மற்றதன் நிலையும் அதோடு சேர்ந்தே பொருந்திவிடுகிறது என்கிறது குவாண்டம் பௌதிகம். ஐன்ஸ்டைனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. 1947ல் நண்பர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில், இதைப் பேய் வேலை என்கிற அர்த்தத்தில் கேலி செய்தார். 2022ல் அந்தப் பேய் வேலை நிஜம்தான் என்று சோதனைகளில் காட்டிய ஆஸ்பே, கிளௌஸர், ஸைலிங்கர் மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.